தள்ளி நில்லுங்க

சீலம்மாவுக்கு வாயை மூடத் தெரியாது. சுங்கத் தீர்ப்பாயத்தில் பியூனிலிருந்து தலைவர் வரை எல்லாருக்கும் இது தெரியும். எதிர்த்தரப்பு வக்கீல் தும்மினால்கூட ஆட்சேபம் சொல்லக்கூடியவள். இருபத்திரண்டு வருடத் தொழிலில் அவள் பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்தது ஒரே ஒரு தடவைதான், அதுவும் ஒரு மூச்சு விடுகிற நேரம். அதற்குள் இரண்டு உயிர் போய்விட்டது.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. துறைமுகத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. கப்பலில் வருகிற ஒவ்வொரு கன்டெய்னரின் கதவிலும் விரல் தடிமனில் ஒரு இரும்புச் சீல் தொங்கும். அதில் ஒரு எண் இருக்கும். சரக்கு ஏற்றிய ஊரில் மாட்டிய சீல் இங்கே வந்து சேரும்வரை அப்படியே இருந்தால், நடுவில் யாரும் கை வைக்கவில்லை என்று அர்த்தம். மற்ற வக்கீல்கள் குளுகுளு அறையில் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது இவள் மட்டும் வெயிலில் போய் நின்று அந்த எண்ணைப் படித்துக்கொண்டிருப்பாள். வழக்கில் பாதி அங்கேயே முடிந்துவிடும். பெயர் அப்படி வந்தது.

அவளுக்கு இரண்டு பழக்கம். சீல் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக உரக்கப் படிப்பாள். இன்னொருவர் காகிதத்தைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். இன்னொன்று, கதவைத் திறக்கும் முன் விரல் முட்டியால் அதைத் தட்டிப் பார்ப்பாள். கணீரென்று கேட்டால் கதவுக்கும் சரக்குக்கும் நடுவே இடம் இருக்கிறது. செத்த சத்தமாகக் கேட்டால் சரக்கு கதவின்மேல் சாய்ந்து கிடக்கிறது, திறந்தால் ஆள்மேல்தான் விழும். எப்படிக் கேட்டாலும் சரி, "தள்ளி நில்லுங்க!" என்று ஒரு கத்து கத்துவாள். தொழிலுக்கு வந்த முதல் வருடம் அவள் கண்ணெதிரே ஒரு கூலியாள்மேல் கிரானைட் பலகைகள் சரிந்தன. இடுப்புக்குக் கீழே அந்த மனிதர் கூழாகிப் போனதைப் பார்த்தவள். அன்றிலிருந்து அந்தக் கத்தல். கன்டெய்னர் அடுக்கி வைக்கிற யார்டில் எல்லாருக்கும் அது பழகிவிட்டது. அவள் குரல் கேட்டால்தான் விலகுவார்கள். அவள் கத்தவில்லை என்றால் ஆபத்தில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

அப்படிப் பழகியவர்களில் முதல் ஆள் அவள் தம்பி. பத்து வயது இளையவன். அப்பா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்து, அடித்துப் படிக்க வைத்து, கிளியரிங் ஏஜென்ட் லைசென்ஸும் வாங்கிக் கொடுத்தவள் அவள்தான். சரக்குக்காரர்களுக்காகச் சுங்கத்தில் காகிதம் போடுவது அவன் வேலை. காகிதம் சிக்கினால் வழக்கு அக்காவிடம் வரும். துறைமுகத் தூசியிலும் அவன் வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கு ஒட்டாது. "உனக்கு மட்டும் தூசி வழிவிட்டுப் போகுதாடா?" என்று கேட்பாள். "அக்கா கத்துற கத்துல தூசியே தள்ளி நிக்குது" என்பான்.

டைல்ஸ் முதலாளியின் கன்டெய்னர் அப்படிச் சிக்கி வந்ததுதான். காகிதத்தில் தரை டைல்ஸ் என்று இருந்தது. எடைமேடையில் ஏற்றினால் எடை இடித்தது. நிறுத்தி வைத்தவர் ஒரு சுங்க அதிகாரி. துறைமுகத்தில் அவருக்குக் குண்டெழுத்து என்று பெயர். அறிக்கை எழுதினால் ஒவ்வொரு எழுத்தும் உருண்டு திரண்டு கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கும். ஆனால் எல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதுவார். கன்டெய்னர் பக்கமே போகாமல், காகிதத்தில் இருக்கும் சீல் எண்ணைப் பார்த்து எழுதிவிட்டு, 'நேரில் கண்டேன்' என்று கையெழுத்துப் போடுகிற ஆள். இதை வைத்தே சீலம்மா அவரை மூன்று வழக்கில் கூண்டில் ஏற்றி நார்நாராகக் கிழித்திருக்கிறாள். அதனால் அவருக்குப் பதவி உயர்வே நின்றுபோனது.

இந்த வழக்கில் அவர் தீர்ப்பாயத்தில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இன்னைக்கே திறக்கணும் ஐயா. நாள் கடத்தக் கூடாது."

தம்பி பின்னாலிருந்து குனிந்தான். "அக்கா, ஏழு நாள் வாங்கிக் குடு. போதும்."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. வக்கீல்கள் அவகாசம் கேட்பது மூச்சு விடுவது மாதிரி. அரை மணி நேரம் முழங்கினாள். ஏழு நாள் வாங்கிவிட்டாள். ஏழாம் நாள் இரு தரப்பும் நேரில் நின்று பார்க்க வேண்டும், சீல் பழுதில்லாமல் இருந்து உள்ளே டைல்ஸும் இருந்தால் விட்டுவிடலாம் என்று உத்தரவு வந்தது. குண்டெழுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார். பாவமாக இருந்ததா என்றால், இல்லை. அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

நான்காம் நாள் காலை யார்டு வாட்ச்மேன் இரண்டு கன்டெய்னர் அடுக்குகளுக்கு நடுவில் மண்டை பிளந்து கிடந்தார். ஏணியில் ஏறி வழுக்கி விழுந்துவிட்டார் என்று போலீஸ் எழுதிக்கொண்டு போனது. சீலம்மா எப்போது வந்தாலும் நாற்காலியைத் துடைத்துப் போடுகிற மனிதர். செய்தி வந்தபோது அவள் கோர்ட்டில் இருந்தாள். "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வழக்குக் கட்டைப் பிரித்தாள். அவ்வளவுதான்.

அவள் மனசெல்லாம் வேறொரு காகிதத்தில் இருந்தது. வழக்கு வந்தவுடன் வழக்கம்போல, சரக்கு ஏற்றிய துறைமுகத்துக்கு எழுதி சீலின் போட்டோவைக் கேட்டிருந்தாள். போட்டோவில் கடைசி எண் ஒன்று. இங்கே எல்லாக் காகிதத்திலும் கடைசி எண் ஏழு. அங்கே டைப் அடித்தவன் செய்த பிழை. கப்பல் கம்பெனியே பிழையை ஒப்புக்கொண்டு, போட்டோவோடு திருத்தக் கடிதம் அனுப்பிவிட்டது. அதை யாருக்கும் காட்டாமல் கைப்பையில் வைத்துக்கொண்டாள். தம்பியிடம்கூடச் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? ஏழாம் நாள் குண்டெழுத்து கதவைப் பார்த்து, "எண் ஒத்துப்போகல!" என்று துள்ளுவார். அந்த நேரத்தில் பைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து நீட்டி அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க வேண்டும். அந்த அற்ப சந்தோஷத்துக்காக மறைத்தாள். நல்ல புத்தி உள்ள யாரும் செய்ய மாட்டார்கள், வக்கீல்கள் செய்வார்கள்.

ஏழாம் நாள் காலை பத்து மணி. யார்டு வாசலில் வாட்ச்மேனின் மனைவி நின்றிருந்தாள். புருஷனின் சாமான்களை வாங்க வந்திருந்தாள். கையில் ஒரு பை. அதில் மழைக்கோட்டு, செருப்பு, நீளமான இரும்பு டார்ச்.

"அம்மா, ஒரு வார்த்தை" என்றாள். "அவர் ஏணியில ஏறவே மாட்டார்மா. முட்டிவலி. வீட்டுல பரண்ல இருக்கிற பெட்டியக்கூட நான்தான் ஏறி எடுப்பேன். சொன்னா யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க."

"நான் அப்புறம் வந்து கேக்குறேம்மா" என்று சொல்லிவிட்டு சீலம்மா நடந்தாள். அவளுக்கு நேரமாகிவிட்டது.

கன்டெய்னர் யார்டின் கடைசி வரிசையில், ஒரு டிரெய்லர் வண்டியின்மேல் ஏற்றியபடி இருந்தது. இரண்டு பக்கமும் நான்கு அடுக்கு உயரத்துக்குக் கன்டெய்னர்கள் சுவராக நின்றன. தூரத்தில் கிரேன் அலறிக்கொண்டிருந்தது. இங்கே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்பதே பெரிய விஷயம். கதவுக்கு முன்னால் ஒரு மரப்படிக்கட்டு போட்டிருந்தார்கள். டைல்ஸ் முதலாளி வாயில் ஏலக்காய் அடக்கியபடி நின்றார். பக்கத்தில் அவருடைய ஆள், கொக்கி. மூட்டை தூக்கிய காலத்தில் ஒருவனைச் சாக்குக் கொக்கியால் குத்திவிட்டு உள்ளே போய் வந்தவன் என்று பேச்சு. கையில் சீல் வெட்டுகிற போல்ட் கட்டர் வைத்திருந்தான், ஒரு முழ நீளம். தம்பி வெள்ளைச் சட்டையில் வந்து நின்றான். குண்டெழுத்து ஏற்கெனவே படிமேல் ஏறியிருந்தார்.

"கூலியாளுங்க எங்க?" என்று கேட்டாள்.

"டீ குடிச்சிட்டு வரட்டும்னு அனுப்பிட்டேன் மேடம்" என்றார் முதலாளி. "சும்மா சீல் பாக்கத்தானே."

"அடடே, நேர்லயே வந்துட்டீங்க" என்று அவள் அதிகாரியைச் சீண்டினாள். "நாற்காலி விட்டுடுச்சா?"

"மூணு தடவை வாங்கிக் கட்டிக்கிட்டேனே மேடம், போதாதா?" என்றார் அவர், கோபமில்லாமல். "நீங்க படிங்க. நான் காகிதத்தப் பாத்துச் சொல்றேன். உங்க முறைப்படியே செய்யலாம்."

அவள் படியேறினாள். முதலில் விரல் முட்டியால் கதவைத் தட்டினாள். செத்த சத்தம். வலது கதவின் ரப்பர் ஓரத்தில் ஒரு அட்டைப்பெட்டியின் மூலை பிதுங்கிக்கொண்டு தெரிந்தது. அவசரத்தில் அடுக்கியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு சீலைக் கையில் பிடித்தாள். இன்னொரு கை பைக்குள் போய்க் கடிதத்தைத் தொட்டது.

"எட்டு" என்றாள்.

"எட்டு."

"மூணு."

"மூணு."

"ஏழு. ஒண்ணு."

"ஏழு. ஒண்ணு."

கடைசி எண்ணைப் பார்த்தாள். அவள் வாய் தானாகப் படித்தது. "ஏழு."

"ஏழு" என்றார் குண்டெழுத்து. "ஒத்துப்போகுது."

"எப்படி ஒத்துப்போகும்?" என்று பட்டென்று கேட்டாள். "ஒத்துப்போகக் கூடாதே!"

சொன்ன பிறகுதான் மூளை வேலை செய்தது. ஊரில் மாட்டிய சீலின் கடைசி எண் ஒன்று. இங்கே தொங்குவதில் ஏழு. பிழையான காகிதத்தைப் பார்த்து யாரோ புதுச் சீல் செய்து மாட்டியிருக்கிறார்கள், பிழையோடு சேர்த்து. அப்படியானால் நடுவில் கதவு திறந்திருக்கிறது. உள்ளே இருந்தது போய், டைல்ஸ் வந்திருக்கிறது. அதற்கு ஏழு நாள் வேண்டியிருந்தது. அந்த ஏழு நாளை முழங்கி வாங்கிக் கொடுத்தவள் அவள். நடுவில் வாட்ச்மேன் எதையோ பார்த்திருக்கிறார்.

திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவன் முகம் சட்டையைவிட வெளுத்திருந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை, கொக்கியைப் பார்த்தான்.

"என்ன கூடாது மேடம்?" குண்டெழுத்து கையை நீட்டி, அவள் பையிலிருந்து பாதி வெளியே வந்திருந்த கடிதத்தை உருவினார். படித்தார். போட்டோவைப் பார்த்தார். சீலைப் பார்த்தார். மனுஷன் சோம்பேறியே தவிர முட்டாள் இல்லை. "சீல மாத்தியிருக்காங்க" என்றார். "எல்லாரும் அப்படியே நில்லுங்க. நான் ஆபீசுக்குப் போன் போடறேன்."

போனை அவர் காதுக்குக் கொண்டுபோகவே இல்லை. கொக்கி போல்ட் கட்டரை வீசி அவர் முகத்தில் அறைந்தான். மூக்குக்கண்ணாடி தெறித்தது. தாடை உடைகிற சத்தம் கிரேன் அலறலையும் மீறிக் கேட்டது. படியிலிருந்து மல்லாந்து விழுந்தவரின் வயிற்றில் இன்னும் இரண்டு உதை விழுந்தது. போன் நசுங்கியது. சீலம்மா கத்தினாள். முதலாளி அவள் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துப் படியிலிருந்து இழுத்துத் தரையில் தள்ளினான். இனிமேல் அந்த ஆளுக்கு என்ன மரியாதை? அவன் என்றே சொல்லலாம். அவன் அவள் பையைப் பறித்து, போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கடிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்தான்.

"இப்ப ஒத்துப்போகுதா மேடம்?" என்றான். "காகிதத்துல ஏழு, கதவுல ஏழு. ரிப்போர்ட்ட எழுதுங்க. அவரால எழுத முடியாது போல."

"அக்கா, எழுதிடு" என்றான் தம்பி. குரல் நடுங்கியது. "எழுதிடுக்கா. கெஞ்சிக் கேக்குறேன்."

"வாட்ச்மேன யாருடா தள்ளினது?"

"யாரும் தள்ளல..." அவன் எச்சில் விழுங்கினான். "கம்பியால ஒரு அடிதான். ராத்திரி பெட்டிய மாத்தும்போது அவர் பேசாம படுத்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. எந்திரிச்சு வந்து டார்ச் அடிச்சார்."

"நீ அங்க நின்னியா?"

"நின்னேன்."

"எதுக்குடா? உள்ள என்னடா இருந்துச்சு?"

"துப்பாக்கிக்கா" என்று சொல்லிவிட்டு அவன் அழ ஆரம்பித்தான். எழுந்து போய் ஓங்கி ஒரு அறை விட்டாள். சின்ன வயதில் அவன் முதல் முதலில் பொய் சொன்னபோது விட்ட அதே அறை. அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். கொக்கி சிரித்தான்.

"குடும்ப விவகாரத்த வீட்டுல வச்சுக்கலாம்" என்றான் முதலாளி. கொக்கிக்குக் கண் காட்டினான். கொக்கி குண்டெழுத்தின் வலது மணிக்கட்டின்மேல் காலை வைத்து மிதித்து, போல்ட் கட்டரின் வாயை அவர் சுண்டுவிரலில் கொடுத்தான்.

"எழுதறேன்!" என்று அலறினாள். "எழுதறேன், விடு!"

"கொஞ்சம் லேட்டு மேடம்" என்றான் முதலாளி. கைப்பிடிகள் சேர்ந்தன. இரும்புச் சீலை வெட்டுகிற கருவிக்கு விரல் எந்த மூலைக்கு? குண்டெழுத்தின் உடைந்த வாயிலிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமாகவே இல்லை. விரல் சரளைக்கல்லில் கிடந்தது. சீலம்மா அவரைப் படியிலிருந்து தள்ளி, பக்கத்து அடுக்கின் ஓரமாக இழுத்துச் சாய்த்தாள். புடவைத் தலைப்பைக் கிழித்து அவர் கையில் கட்டினாள். கட்டும்போது, "மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எதற்கெல்லாம் சேர்த்துச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

பிறகு அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து எழுதினாள். முதலாளி சொல்லச் சொல்ல எழுதினாள். சீல் பழுதின்றி இருந்தது. எண் ஒத்துப்போனது. கதவைத் திறக்கும்போது டைல்ஸ் பெட்டிகள் சரிந்து அதிகாரியின் முகத்திலும் கையிலும் விழுந்தன. எழுத எழுத அந்த இடமே வேறு இடமாக மாறியது. அடித்தவன் இல்லை, வெட்டியவன் இல்லை. எல்லாம் தானாக விழுந்து, தானாக உடைந்தது. இந்த மாதிரி வாக்கியங்களை வாழ்நாள் முழுவதும் எழுதிப் பழகிய கை ஒரு இடத்திலும் தயங்கவில்லை.

"தலையிலயும் விழுந்ததுன்னு எழுதுங்க" என்றான் முதலாளி.

அவள் நிமிர்ந்தாள். குண்டெழுத்தின் தாடை தொங்கியது, கையில் ரத்தம் ஊறியது. ஆனால் அவர் தலையில் ஒரு கீறல்கூட இல்லை. அவரும் அதைக் கேட்டார். கண்ணாடி இல்லாத கண்கள் அவளைத் தேடின.

ஓகோ, என்று நினைத்தாள். முதலில் காகிதம். பிறகு காகிதத்துக்கு ஏற்ற மாதிரி மண்டையை உடைப்பார்கள். இந்த மனிதரைக் கொன்றால் அடுத்தது யார் என்பதும் அவளுக்குப் புரிந்தது. தம்பி அக்காவுக்காகக் கெஞ்சுவான், அழுவான், கடைசியில் வாட்ச்மேனுக்கு நின்றது மாதிரியே நிற்பான்.

அவள் எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல், கோர்ட்டில் பேசுகிற குரலில் பேசினாள்.

"இது நிக்காது."

"எது?"

"பெட்டி விழுந்துச்சுன்னு எழுதியிருக்கேன். கதவு மூடிக் கிடக்கு, சீல் தொங்குது. போலீஸ் வந்து பாத்தா என்ன சொல்வீங்க? மூடின கதவு வழியா விழுந்துச்சுன்னா? எந்தக் குழந்தை நம்பும்? முதல்ல சீல வெட்டுங்க, கதவத் திறங்க. நாலு பெட்டிய எடுத்து அவர் பக்கத்துல போடுங்க. அப்பத்தான் நான் போட்ட கையெழுத்து நிக்கும்."

முதலாளி யோசித்தான். வழக்குக்கு வழக்கு அவள் சொன்னதைக் கேட்டு ஜெயித்த ஆள். "வக்கீல்னா வக்கீல்தான்" என்று தலையாட்டினான். "டேய், திற."

கொக்கி படியேறிச் சீலை வெட்டினான். வலது கதவின் நெம்புகோலைப் பிடித்து இழுத்தான். அது அசையவில்லை. உள்ளே இருந்து சரக்கு அழுத்துகிறது. எதற்கு அசையவில்லை என்று யோசிக்கிற ஜாதி இல்லை அவன். காலைக் கதவில் ஊன்றி இன்னொரு இழுப்பு இழுத்தான். "சார், சும்மா நின்னு அழுதுட்டு இருக்காதீங்க" என்றான் தம்பியைப் பார்த்து. "ஒரு கை குடுங்க."

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு படியேறினான்.

இதை அவள் நினைக்கவில்லை. அவன் சட்டை அழுக்காகிற வேலையை ஒரு நாளும் தொட்டவன் இல்லை. கொக்கி மட்டும்தான் அங்கே நிற்பான் என்று கணக்குப் போட்டிருந்தாள். இப்போது தம்பி கொக்கிக்குப் பக்கத்தில், கதவுக்கு நேரே நின்று, நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு, திரும்பி அவளைப் பார்த்தான். எப்போதும் பார்க்கிற பார்வை. கதவு திறக்கும் முன் அக்கா கத்துவாள், தள்ளி நிற்க வேண்டும். அவன் அதற்காகத்தான் காத்து நின்றான்.

தொண்டை வரை வந்துவிட்டது. இரண்டு வார்த்தை. சொன்னால் அவன் விலகுவான். கொக்கியும் விலகுவான், அவனுக்கும் அந்தக் குரல் தெரியும். பெட்டிகள் சும்மா மண்ணில் விழும். அப்புறம் இந்த மனிதரின் மண்டையை உடைக்கப் பெட்டிகள் தயாராகக் கிடக்கும்.

அவள் குனிந்து, தன் கையெழுத்தில் இருந்த 'தலையிலும்' என்ற வார்த்தையைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

நெம்புகோல் சட்டென்று விடுபட்டது. கதவு வெடித்த மாதிரி திறந்து இருவரையும் படியோடு சேர்த்துக் கீழே தள்ளியது. அவர்கள் எழுவதற்குள் உள்ளே கூரை வரை அடுக்கியிருந்தது அத்தனையும் சரிந்தது. ஒவ்வொன்றும் முப்பது கிலோ. முதல் பெட்டி கொக்கியின் கழுத்தில் விழுந்தது, அதோடு அவன் சத்தம் நின்றது. தம்பி, "அக்கா" என்று ஒரு தடவை சொன்னான். இரண்டாவது தடவை பாதிதான் வந்தது. பெட்டிகள் விழுந்துகொண்டே இருந்தன, உடைந்துகொண்டே இருந்தன. விழுந்து முடிந்தபோது டைல்ஸ் குவியலுக்கு வெளியே ஒரு கை மட்டும் தெரிந்தது. முழுக்கைச் சட்டையின் விளிம்பு இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது.

முதலாளி ஓடினான். அப்போதுதான் அவளுக்கு வாய் திரும்பி வந்தது. ரத்தக் கையோடு அவன் பின்னாலேயே ஓடினாள். இரண்டு வரிசை தாண்டியதும் வாசல் தெரிந்தது. டீ குடித்த கூலியாட்கள், லாரி டிரைவர்கள், அந்தப் பெண்.

"பிடிங்க அவன!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். "உன் புருஷனக் கொன்னது அவன்தாம்மா! ஏணியில்ல, அவன்தான்!"

முதலாளி அந்தப் பெண்ணைத் தாண்டிப் போகப் பார்த்தான். அவள் பைக்குள்ளிருந்து டார்ச்சை எடுத்து, இரண்டு கையாலும் ஓங்கி அவன் வாயில் அடித்தாள். பல் சிதறியது. விழுந்தவனை மறுபடி அடித்தாள், மறுபடி அடித்தாள், டார்ச்சின் கண்ணாடி உடைந்து பேட்டரி உருண்டு ஓடும்வரை அடித்தாள். பிறகு கூலியாட்கள் எடுத்துக்கொண்டார்கள். போலீஸ் வந்து பிரிக்கும்போது அவனுக்கு ஒரு கண் இல்லை. அவனுடைய கிடங்கிலிருந்து துப்பாக்கிப் பெட்டிகளை அன்று மாலையே எடுத்துவிட்டார்கள்.

சீலம்மா அங்கே நிற்கவில்லை. திரும்பிப் போய், நகம் பிய்யப் பிய்யப் பெட்டிகளைப் புரட்டினாள். தம்பி முகத்தை வெளியே எடுத்தபோது அதில் முகம் என்று சொல்ல அதிகம் மிஞ்சவில்லை. மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "டேய், டேய்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

ஆறு வாரம் கழித்து விசாரணை நடந்தது. சின்ன அறை, ஒரு மேஜை, சுவரில் சத்தம் போடுகிற மின்விசிறி. விசாரணை அதிகாரி நடுவில் உட்கார்ந்திருந்தார். குண்டெழுத்து தாடையில் கம்பி கட்டியிருந்ததால் பல்லைக் கடித்தபடியே பேசினார், எழுத்தர் டைப் அடித்தார். அடித்ததும் உரக்கப் படித்துக் காட்டினார்.

"கதவைத் திறக்கும் முன், வக்கீல் அம்மா தமது வழக்கப்படி, 'தள்ளி நில்லுங்க' என்று இருமுறை உரக்க எச்சரித்தார். இறந்தவர்கள் இருவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இதை நான் நேரில் கேட்டேன்."

குண்டெழுத்து நான்கு விரல் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் பேனாவை எடுத்தார். அவள் பக்கம் திரும்பவே இல்லை. கையெழுத்துப் போட்டால் முடிந்தது. அவள் எழுந்து வீட்டுக்குப் போகலாம். வீட்டில் அம்மா இருக்கிறாள். தினமும் ஒரே கேள்விதான் கேட்கிறாள், "நீ பக்கத்துலதானேடி நின்ன? உன் தொண்டைக்கு என்ன வந்துச்சு?" அந்தக் கேள்விக்கு இந்தக் காகிதத்தைக் காட்டலாம்.

சீலம்மா எழுந்து நின்றாள்.

"ஆட்சேபம்" என்றாள்.

விசாரணை அதிகாரி நிமிர்ந்தார். "எதுக்கும்மா? இது உங்களுக்குச் சாதகமான சாட்சி."

"மேடம், உக்காருங்க" என்றார் குண்டெழுத்து, பல்லுக்கு இடையில். "தயவு செஞ்சு உக்காருங்க."

"உங்க பழக்கத்த விடவே மாட்டீங்களா சார்?" என்றாள் அவள். குரல் உடைந்தது. "நேர்ல பாக்காதத, நேர்ல கேக்காதத எழுதாதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் எழுத்தர் பக்கம் திரும்பினாள். கோர்ட்டில் சொல்வதுபோல ஒவ்வொரு வார்த்தையாக, டைப் அடிக்க வசதியாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அந்த வரிய அடிச்சிடுங்க. தட்டிப் பாத்தேன். விழும்னு தெரியும். என் தம்பி என்னத் திரும்பிப் பாத்தான். நான் சொல்லல."